நீவுக்கென்று ஒரு கப்

"நிருபமா வீட்டில் எனக்கென்றே ஒரு கப் வைத்திருக்கிறார்கள், தெரியுமா? வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள்!" என்று நீவ் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னதும், ஹாலே கப்சிப் ஆகிவிட்டது. பிரேசர் டவுனில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹால் அது. நிருபமாவைத் தவிர இன்னும் நாலு பாடகர்கள், பியானோவில் பெர்னார்ட். எல்லாரும் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தனிக் கப் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சௌம்யா செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். பெர்னார்ட் பியானோவின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தான். நிருபமாவுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

நீவ் ஒருத்திதான் முகமெல்லாம் பல்லாக நின்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அயர்லாந்தில் டோனிகால் என்ற கடலோரப் பக்கத்துக்காரி, பஸ் டிரைவர் மகள், ஐம்பத்தைந்து வயது. ஆபரா எழுதுவதுதான் தொழில். மேடையில் பேச்சே இல்லாமல் கதை முழுவதையும் பாடியே சொல்வார்களே, அது. மீன் டப்பா அடைக்கும் பெண்களைப் பற்றி அவள் எழுதிய முதல் ஆபரா பேர் வாங்கிக் கொடுத்தது. அடுத்தது இரண்டே தடவை மேடையேறி ஊற்றிக்கொண்டது. அதையும் அவளே சிரித்துச் சிரித்துச் சொல்வாள். உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது என்று காலையில் சமையல் மேடைமேல் காகிதத்தைப் பரப்பி, நின்றபடியே பென்சிலால் எழுதுகிறவள். குக்கர் விசில் அடித்தால் அது என்ன சுரம் என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஓர் இசை அறக்கட்டளை அவளை மூன்று மாதத்துக்கு இங்கே வரவழைத்திருந்தது, இந்த ஊர்க் குரல்களை வைத்தே ஒரு சின்ன ஆபரா போடுவதற்கு.

கதை நீவின் அப்பாவுடைய அத்தை பிரிடியைப் பற்றியது. அந்தக் காலத்தில் அங்கே ஏழைப் பிள்ளைகளைச் சந்தையில் வரிசையாக நிறுத்துவார்களாம். பண்ணைக்காரர்கள் கை காலைப் பிடித்துப் பார்த்து, ஆறு மாதக் கூலிக்கு அழைத்துக்கொண்டு போவார்களாம். பிரிடி அப்படிப் போனவள். வீட்டுக்காரர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு கதவோரம் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டவள். பிரிடியாகப் பாடுவது நிருபமா. போன வாரம் அந்தக் கதவோரப் பாட்டைப் பாடும்போது அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்து, சௌம்யா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்க வேண்டியிருந்தது.

கடைசிக் காட்சிதான் வராமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அதை நீவ் இன்று காலை எழுதி முடித்துவிட்டாள். பண்ணை வீட்டு எஜமானி, அதாவது சௌம்யா, பிரிடியிடம் ஒரு கப்பை நீட்டுகிறாள். இது உனக்கு, வேறு யாரும் தொடமாட்டார்கள் என்கிறாள். தனக்கென்று ஒரு பொருள் முதல்முதலாகக் கிடைத்த சந்தோஷத்தில் பிரிடி பாடுகிறாள். அதோடு திரை. "அந்த வரி உன்னிடமிருந்து எடுத்தது," என்று நீவ் நிருபமாவைக் கட்டிக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, பாட்டு அப்பேர்ப்பட்ட பாட்டு. மெட்டு அப்படியே நெஞ்சைப் பிடித்தது. அதனாலேயே நிருபமா அந்தக் காகிதத்தை மறுபடி பார்க்காமல் பைக்குள் திணித்தாள்.

நீவ் முதல் தடவை மல்லேஸ்வரம் வீட்டுக்கு வந்தபோது நடந்தது இது. நிருபமாவின் அம்மா அம்புஜம் எல்லாருக்கும் கொடுப்பதுபோல எவர்சில்வர் டம்ளரில்தான் காப்பி கொடுத்தாள். அந்த வீட்டில் யாரும் டம்ளரை வாயில் வைக்கமாட்டார்கள், தூக்கித்தான் குடிப்பார்கள். நீவ் டம்ளர் விளிம்பை உதட்டில் அழுத்திவைத்து, கண்ணை மூடி, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். மறுநாள் அவள் வருவதற்குள் நிருபமா ஷோகேசிலிருந்து நீலப்பூ போட்ட பீங்கான் கப் ஒன்றைத் தேடி எடுத்துவிட்டாள். யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தது. "இது உனக்கு. வேற யாரும் தொடமாட்டாங்க," என்று வாய் கூசாமல் சொன்னாள். நீவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் குடித்து வைத்த கப்பை நிருபமாவே கொல்லைக் குழாயில் அலம்பி, ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்ப்பாள். அம்மா பழைய காலத்து மனுஷி, எதற்கு வம்பு என்று அவள் தனக்கே ஒரு சமாதானமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஒத்திகை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு பெர்னார்ட் பியானோவை மூடிக்கொண்டிருந்தான். நிருபமாவால் சும்மா போக முடியவில்லை.

"பெர்னார்ட், எங்கம்மா கொஞ்சம் பழைய டைப். அதான்…"

"எதுக்கு நிருபமா எங்கிட்ட சொல்றீங்க?" கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டான். "எங்கப்பா ஆர்மோனியம் ரிப்பேருக்கு வீடு வீடா போவாரு. உங்க மல்லேஸ்வரத்துலயே ஒரு வீட்ல அவருக்கும் தனிக் கப்பு. எனக்குன்னு ஸ்பெஷலா வெச்சிருக்காங்கடான்னு எங்ககிட்ட வந்து பெருமையா சொல்வாரு. நாங்களும் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தோம்."

அவன் பையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்துப் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஆட்டோவில் வரும்போது நிருபமா நீவையே நினைத்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஒத்திகையில் பாட வேண்டும், அடுத்த வாரம் மேடையில் பாட வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பது பெங்களூர் ஜனம். கப் கிடைத்த சந்தோஷத்தை அவள் உருகி உருகிப் பாடப் பாட, அவர்கள் நெளிவார்கள். அவ்வளவு பேருக்கும் தெரிந்த ஒன்று எழுதினவளுக்கு மட்டும் தெரியாது. சொன்னாலோ, நீவ் இனிமேல் தன் முகத்தில் விழிப்பாளா? எல்லா எரிச்சலும் திரண்டு அம்மா மேல் போய் நின்றது.

அம்புஜம் கூடத்தில் ஹுருளிக்காய், அதாவது பீன்ஸ், நறுக்கிக்கொண்டிருந்தாள். விதான சௌதாவில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவள். காய் நறுக்கினால்கூட ஒரே அளவாகத்தான் விழும்.

"உன்னோட மடியும் ஆசாரமும் என் மானத்தை வாங்கிடுத்தும்மா!" என்று நிருபமா பையைச் சோபாவில் விட்டெறிந்தாள். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினாள்.

அம்புஜம் கத்தியைக் கீழே வைத்தாள். "அவளுக்குத் தனிக் கப்புல குடுன்னு நான் எப்போடி சொன்னேன்?"

"சொல்லணுமா? நீ எப்படின்னு எனக்குத் தெரியாதா?"

"முன்னே இருந்தேன், இல்லேங்கலை. உங்கப்பாவோட ஆஸ்பத்திரில கெடந்தப்போ பக்கத்துப் படுக்கைக்காரா பிளாஸ்க்லேர்ந்துதானே எனக்குக் காப்பி வந்தது. அவா யாரு என்னன்னு கேட்டேனா? அதோட அந்த மடியெல்லாம் ஆய்த்து, முடிஞ்சது. வெள்ளைக்காரிக்குப் பீங்கான்தான் பழக்கம், அதான் நீ எடுத்துண்டு வந்திருக்கேன்னு நெனச்சேன். அப்புறம் நீ கொல்லைக் குழாய்ல அலம்பறதைப் பார்த்தேன். என்னடா இதுன்னு இருந்தது. சும்னே எதுக்குப் பேச்சுன்னு விட்டுட்டேன்."

"உனக்காகத்தாம்மா…"

"எனக்காகவா? ஒரு நாள் நான் அதை நம்ம டம்ளரோட சேர்த்துக் கவுத்து வெச்சேன். நீதான் வந்து, அதை மட்டும் எடுத்துண்டுபோய் ஜன்னல்ல வெச்சே. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அன்று தன் கைவிரல்கள் அந்தக் கப்பைக் கைப்பிடியோடு பிடித்து, மற்ற டம்ளர்களில் இடிக்காமல் பதவிசாகத் தூக்கியது இப்போது கண்ணெதிரே வந்து நின்றது. அம்மா அப்போது கூடத்தில் யாருடனோ போனில் பேசிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சமையலறையில் வேறு யாருமில்லை. யாருக்குப் பயந்து செய்தாள்? ஒருத்தருக்கும் இல்லை. இத்தனை வருஷம் சர்வதேசப் பள்ளியில் பாட்டு டீச்சராக நின்றுகொண்டு, இசைக்கு ஜாதி ஏது, தேசம் ஏது என்று பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்தாளே, அந்த வாயை என்ன செய்வது? நிருபமாவுக்கு அம்மா முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பிடுங்கித் தின்கிற வெட்கம்.

"பேசாம பாடிடு," என்றாள் அம்புஜம், கத்தியை மறுபடி எடுத்தபடி. "நல்ல பாட்டுங்கறே. அவளுக்கு ஏன் மனசு கஷ்டப்படணும்?"

அப்படியே செய்துவிடலாம் என்றுதான் அன்று தோன்றியது. காலையில் குளித்து, தலை வாரி, ஹாலுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

நீவ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "எஜமானி கொடுக்கிற இடத்திலிருந்து," என்றாள். சௌம்யா வெறும் கையை நீட்டி, நிருபமாவின் கண்ணைப் பார்க்காமலே தன் வரியைப் பாடி முடித்தாள். பெர்னார்ட் பியானோவில் சுரத்தைக் கொடுத்தான். நிருபமா எடுக்கவில்லை. அவன் மறுபடி கொடுத்தான். தொண்டையில் குரல் தயாராகத்தான் இருந்தது. நாக்குதான் எழவில்லை.

"நீவ், நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கப்பைப் பத்தி."

"சொல்லு, சொல்லு!" நீவ் ஆசையாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ.

"நீ வாய் வெச்ச பாத்திரம் எங்க பாத்திரத்தோட கலக்கக்கூடாதுன்னுதான் அதைத் தனியா வெச்சோம்." சொல்லிவிட்டு நிருபமா நிறுத்தினாள். அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது. "வெச்சோம் இல்லை. வெச்சேன். எங்கம்மா சொல்லலை. நானாத்தான் வெச்சேன்."

பெர்னார்ட் கைகளைப் பியானோக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நீவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. காது கேட்டுவிட்டது, முகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குக்கர் விசிலுக்குச் சுரம் பார்ப்பவளைப்போல, நிருபமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.