எட்டுக் குழி, இரண்டு மரம்

ஞாயிறு பின்னேரம் ஐந்தரைக்குத் தொலைபேசி அடித்தபோது றொஷானி செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றாள். செருப்புச் சத்தம் கனடாவரை கேட்கும் என்பது அவளுடைய பயம்.

கேற்றிலிருந்து விறாந்தை வரை இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்காக எட்டுக் குழிகள். கனடாவில் இருக்கும் வீட்டுக்காரர் கோபிசங்கரின் திட்டப்படி எட்டிலும் றோயல் பாம் என்ற அழகு மரம் நிற்கவேண்டும். உயிரோடு மிஞ்சியவை இரண்டு. அவற்றைப் பெயின்ற் வாளிகளுக்கு மாற்றியிருந்தார்கள். அவளுடைய புருசன் சதீசன் ஒன்றை வீடியோவில் ஓலை ஓலையாகக் காட்டிக்கொண்டிருக்க, மற்றதைத் தூக்கிக்கொண்டு அவள் குனிந்தபடி அடுத்த குழிக்கு ஓடுவாள். நான்கு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மரம் எட்டாகிக்கொண்டிருந்தது.

வீட்டின் முகத்தை மறைக்கிறது என்று சொல்லிப் பதினொரு பனைகளைத் தறிப்பித்துவிட்டு, அந்த இடத்தில் கொழும்பிலிருந்து லொறியில் பனைமாதிரி ஒன்றை இறக்கியவர் கோபிசங்கர். சரவணை ஊரில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. அவர் காதுபடச் சிரித்த ஆளும் இல்லை. வேம்பும் பூவரசும் வைத்தால் நிழலாவது விழும் என்று றொஷானி சொல்லிப்பார்த்தாள். ஆட்டுக்குக் குழை வெட்டுற மரத்தையோ வாசலில் வைக்கச் சொல்லுறீர் என்று அவர் கேட்டார்.

ஆவணியில் ஓலை நுனிகள் கருகத் தொடங்கின. கிணறு உவராகிவிட்டது என்று சதீசன் ஒரேயொருமுறை சொன்னான். கோபிசங்கர் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அது என்ரை அப்பு வெட்டின கிணறு. ஊரே குடத்தோட வந்து நிண்ட கிணறு. தண்ணியிலை பிழையில்லை ஐசே, ஊத்திற கையிலைதான் பிழை. மரம் பட்டுதெண்டால் பின்னறைக்கு வேறை ஆக்களைப் பாக்கவேண்டி வரும்."

அந்தப் பின்னறையில்தான் அவர்களும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். போக வேறு கூரை இல்லை. கேற் தூணில் கறுப்புக் கல்லில் பொன்னெழுத்தால் 'நன்னீரகம்' என்று வெட்டியிருந்தது. அதைத் துடைக்கும் வேலையும் சதீசனுடையது. குடிப்பதற்கு அவர்கள் பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீரை நீலத் தாங்கியில் பிடித்து வைத்திருந்தார்கள். வீடியோவில் அந்தத் தாங்கி ஒருநாளும் வந்ததில்லை.

இன்றைக்கு நான்கு மரம் பிழையில்லாமல் முடிந்தது. ஐந்தாவதைக் காட்டும்போது சதீசன் திரையை உற்றுப் பார்த்தான். வழக்கமாகக் கோபிசங்கரின் தலைக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டி நிற்கும். இன்றைக்கு வான் வண்டியின் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் ஆழமில்லாத கடலும் அதில் நட்ட மீன்பிடித் தடிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அது யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்கு வரும் கடல்பாதை, பண்ணைத் தாம்போதி. அதில் சைக்கிள் ஓடாத நாள் அவன் வாழ்க்கையில் குறைவு.

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"சொல்லாமல் வந்து நிப்பமெண்டு பாத்தனான். கண்டிட்டீர். இருவது நிமிசத்திலை அங்கை நிப்பன். றொஷானியிட்டைச் சொல்லும், அப்புவின்ரை கிணத்திலை ஒரு செம்பு அள்ளி வைக்கட்டாம். இறங்கினதும் முதல் அதைத்தான் குடிப்பன். சரி, ஆறாவதைக் காட்டும்."

ஆறாவது குழிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் றொஷானி வாளியோடு நின்றாள். சதீசன் தொலைபேசியை நெஞ்சோடு அழுத்தி மூடினான்.

"என்னப்பா செய்யிறது?" என்றான், அவள்தான் பதிலை ஒளித்துவைத்திருப்பவள் போல.

அவள் மரத்தை நின்ற இடத்திலேயே வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். இரண்டு செம்புகளை எடுத்தாள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் தாங்கித் தண்ணீர். நல்ல தண்ணீரைக் கொடுத்தால் கிணறு தப்பிவிடும். ஆனால் மரங்களைக் கொன்ற பழி அவளுக்கும் சதீசனுக்கும் வரும். உவரைக் கொடுத்தால் அந்த மனிதர், செத்துப்போன தகப்பனை வாயில் வைத்துத் துப்பவேண்டும். அதற்குப் பிறகு அவர் அவர்களை எப்படிப் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

விறாந்தைக் கதிரைக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்துவிட்டுப் பிள்ளைகளை அறைக்குள் போகச் சொன்னாள். கேற்றுக்கு வெளியே வான் ஹோர்ன் அடித்தது. திரும்பிப் பார்த்தபோது இரண்டு செம்பும் ஒரே மாதிரித் தெளிவாக நின்றன. எதை எதில் வார்த்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.