அரைச்சீவன் பற்றறி

மரியநேசனின் முப்பத்தோராம் நாள் செபத்தன்று, அவன் குரலைக் கேட்டுச் சனம் சிரித்தது. சிரிக்க வைத்தவன் நான்.

நாலு வருஷமாகிறது. இன்றைக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

அறுபத்து மூன்றில் தர்மபுரத்தில் எங்களுக்கு ஓர் இசைக்குழு இருந்தது. குழு என்றால் மூன்று பேர். மன்டலின், நடராசாவாகிய நான். தபேலா, கதிர்காமநாதன், அக்கராயனிலிருந்து தபேலாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். பாட்டு, மரியநேசன். முல்லைத்தீவுக் கடற்தொழிலாளி. கிளிநொச்சிச் சந்தையில் கருவாட்டை விற்றுவிட்டுத் திரும்பும்போது எங்கள் படலையடியில் பஸ்ஸை விட்டு இறங்குவான். கிட்ட வந்தால் கருவாடு மணக்கும். வாயைத் திறந்தானென்றால் அது மறந்துபோகும்.

கோயில் திருவிழா, கலியாணவீடு, எங்கே கூப்பிட்டாலும் போனோம். கூப்பிடாத இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறோம்.

அடுத்த வருஷம் சித்திரையில் நான் ஒரு டேப் ரெக்கோடர் வாங்கினேன். கப்பலில் வேலை செய்த ஒருவர் கொண்டுவந்தது. சப்பாத்துப் பெட்டி அளவுதான். கரண்ட் தேவையில்லை; ரோச்சு லைட் பற்றறி நாலு போட்டால் ஓடும். அதோடு வந்தது ஒரேயொரு டேப் சுருள். அந்த அளவில் இன்னொன்று கொழும்பிலும் கிடைக்கவில்லை. புதுப் பாட்டைப் பதிய வேண்டுமென்றால் பழைய பாட்டை அழிக்க வேண்டும்.

நெல்மூட்டை அடுக்கிய அறைதான் எங்கள் ஸ்ரூடியோ. மூட்டைகள் எதிரொலியைக் குடித்துவிடும். மைக்கைக் கூரை வளையிலிருந்து நூலில் தொங்கவிடுவோம். கோழிகளைக் கூட்டில் அடைப்போம். பற்றறி களைத்தால் சமைக்கிற குசினியின் கூரைத் தகரத்தின் மேல் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். ரோச்சு லைட் வைத்திருந்த எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான் அது.

பிழை அங்கேதான் பிறந்தது.

ஆவணியில் கடைசிப் பதிவு. பற்றறிகள் மூன்று தரம் வெயில் குடித்தவை. பாடுவதற்கு முன் மரியநேசன் தொண்டையைச் செருமினான்.

"டேய் கதிர்காமு, மெல்லத் தட்டடா. யூலிற்றா கேட்டாளெண்டால் கூரை விழுந்திட்டுது எண்டு நினைப்பாள்."

யூலிற்றா அவன் பெண்சாதி. அப்போது கலியாணமாகி ஆறு மாதம்.

அந்தப் பகிடியும் பதிந்துவிட்டது. பின்னால் அவனே கட்டிய பாட்டு. உடனே போட்டுக் கேட்டோம். அச்சு அசல்.

"இது நான்தானோடா?" என்றான் மரியநேசன்.

"வேறை ஆர், உன்ரை மாமனோ?" என்றான் கதிர்காமநாதன்.

மார்கழியில் புயல் வந்தது. யேசு பிறந்த நத்தாருக்கு மூன்று நாள் இருந்தது. மரியநேசனின் வள்ளம் திரும்பவில்லை. உடலும் கரைக்கு வரவில்லை. கலியாணப் படத்தைக்கூட வீட்டோடு சேர்த்துக் காற்று கொண்டுபோய்விட்டது.

தையில் யூலிற்றா ஆள் அனுப்பினாள். "நடராசா அண்ணையிட்டை அவற்றை குரல் இருக்காம். முப்பத்தொண்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ."

அந்தச் செபத்துக்குப் பழைய பற்றறியோடு போவது மரியாதையில்லை என்று நினைத்தேன். முதல்நாளே கிளிநொச்சிக்குப் போய் நாலு புதுப் பற்றறி வாங்கிப் போட்டேன்.

செபம் முடிந்தது. யூலிற்றாவின் தாய்வீட்டு முற்றத்தில் மேசை போட்டு வெள்ளை விரித்திருந்தார்கள். கறுப்புச் சீலையில் யூலிற்றா முன்னால் இருந்தாள். பொத்தானை அழுத்தினேன்.

வந்தது மரியநேசன் இல்லை. ஒரு கிளிப்பிள்ளை. "டேய்கதிர்காமுமெல்லத்தட்டடா" என்று கீச்சிட்டது. யூலிற்றாவின் பெயர் ஒரு தும்மல் போலத் தெறித்துப் போனது. தபேலா தகரத்தில் விழுகிற மழை. பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் வாயைப் பொத்தினார், பொத்தியும் நிற்கவில்லை. முற்றம் முழுக்கத் தோள்கள் குலுங்கின. எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது.

யூலிற்றா அழவில்லை. "இதார் அண்ணை?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கதிர்காமநாதன்தான் கண்டுபிடித்தான். "களைச்ச பற்றறியிலை டேப் மெல்லச் சுத்தியிருக்கு. அதே பற்றறியிலை கேக்கேக்கை சரியாயிருந்துது. புதுசிலை பறக்குது. அண்டைக்கு எவ்வளவு களைப்போ, அவ்வளவு களைச்ச பற்றறி வேணும்."

"அதை எந்தக் கடையிலையடா விக்கிறாங்கள்?"

அவன் இயந்திரத்தை ஓடவிட்டான். சுழல்கிற சுருளில் விரலை வைத்து அமர்த்திப் பார்த்தான். குரல் விக்கி விக்கி அழுதது. டேப் அறுந்துவிடுமென்று பயந்து விட்டுவிட்டோம்.

மாசியில் ஒருநாள் பஸ்ஸிலிருந்து யூலிற்றா இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. மேசையில் கவிழ்த்தாள். முப்பது நாற்பது பழைய பற்றறிகள் உருண்டன.

"உங்களுக்கு அரைச்சீவன் பற்றறி வேணுமாம் எண்டு கேள்விப்பட்டனான். கரையிலை வீடு வீடாய்க் கேட்டு வாங்கினனான்."

"தங்கச்சி, இது..."

"பாட்டு வேண்டாம் அண்ணை. என்ரை பேரைச் சொல்லுறார் எல்லே, அந்த ஒரு சொல்லு அவற்றை குரலிலை வந்தால் போதும்."

நாலைப் பொறுக்கிப் போட்டோம். கீச்சுக் குரலில் தொடங்கியது. பெயர் தெறித்துப் போனது. பாட்டு ஓட ஓடப் பற்றறி களைத்தது. குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் அடியில், "வலை காயுற கரையிலை வந்து நில்லடி" என்ற இடத்தில், மரியநேசன் வந்துவிட்டான். அவனேதான். யூலிற்றா நெல்மூட்டையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வரியில் அவனைக் காணவில்லை. குரல் தடித்து, மாடு முனகுவது போலாகி, இயந்திரம் நின்றது.

"அவர்தான்," என்றாள். "பேர் முந்திப் போயிட்டுது."

பிறகு மாதம் தவறாமல் வந்தாள், பையும் கையுமாக. இரண்டு பழசு இரண்டு புதுசு, மூன்று பழசு ஒன்று புதுசு என்று மாற்றி மாற்றிப் போட்டோம். பெயர் ஒருநாள் குழந்தைக் குரலில் வந்தது. ஒருநாள் கிழவன் குரலில். ஒருநாள் கள்ளுக் குடித்த வெறிகாரன் குரலில்.

"உன்ரை மனுசன் எல்லா வயசிலையும் வந்திட்டான் தங்கச்சி, சொந்த வயசைத் தவிர," என்றான் கதிர்காமநாதன். யூலிற்றா சிரித்தாள். புயலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஆவணி வந்தது. பதிவு நடந்து சரியாக ஒரு வருஷம். அன்றைக்குப் போட்ட நாலு பற்றறியில் குரல் கீச்சிடவில்லை, முனகவுமில்லை. "யூலிற்றா கேட்டாளெண்டால்..."

நான் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன்.

"திருப்பிப் போடுங்கோ அண்ணை."

சுற்றித் திருப்பிப் போட்டேன். மறுபடி பெயர் வந்தது. கொஞ்சம் தடித்திருந்ததோ? இல்லையோ?

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "முதல் வந்தது அவரோ, இப்ப வந்தது அவரோ?"

வாயைத் திறந்தேன். மரியநேசனின் குரலை நினைக்கப் பார்த்தேன். தலைக்குள் குழந்தையும் கிழவனும் வெறிகாரனும் வரிசையாக வந்தார்கள். இரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து மன்டலின் வாசித்தவன் நான். அவனைக் காணவில்லை. கதிர்காமநாதனைப் பார்த்தேன். அவன் தபேலா வாரை இறுக்குவது போல் குனிந்துகொண்டான்.

"நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. உங்களோடைதானே பாடித் திரிஞ்சவர். நான் பத்து மாசம்தான் கேட்டனான்."

இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. பாட்டு தன்பாட்டுக்கு ஓடியது. கரைக்கு வந்து நிற்கச் சொல்லும் வரி, யாருடையதென்று சொல்ல முடியாத ஒரு குரலில் போயிற்று. குரல் தாழத் தாழ யூலிற்றா காதைக் கிட்டக் கொண்டுபோனாள். சுருள் ஒருதரம் துடித்து நின்றது.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றாள்.

நாலு பற்றறியையும் கழற்றினாள். குசினிப் பக்கம் போனாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, தகரத்தின் மேல் ஒவ்வொன்றாக, உருளாமல் கல் முண்டு கொடுத்து, வெயில் படும்படி வைத்தாள்.