சனிக்கிழமை வரை

"பொட்டு" என்றார் தனசேகரன், தன் நெற்றியின் நடுவில் விரலை வைத்துக் காட்டி. "ரெட். ஹியர். ஸ்மால்."

ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் மெர்லிண்டா என்ற அந்தப் பிலிப்பைன்ஸ்காரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் நெற்றியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சவப்பெட்டி. மேல் பாதிக்குக் கண்ணாடி மூடி. கண்ணாடிக்குக் கீழே அவருடைய தங்கை புஷ்பலதா, முகத்தில் பவுடரும் உதட்டில் இளஞ்சிவப்புச் சாயமுமாகக் கிடந்தாள். நாற்பத்தாறு வயதில் அவள் உதட்டில் சாயத்தை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார். யாரோ நல்ல மனதோடுதான் பூசியிருக்க வேண்டும், ஆனால் அந்த முகத்துக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. பொட்டில்லாத நெற்றி அதைவிட மோசமாக இருந்தது.

மெர்லிண்டாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தீவில் குங்குமத்துக்கு எங்கே போவது? கூட்டத்தில் ஒருத்தி கைப்பையைத் துழாவி லிப்ஸ்டிக் ஒன்றை எடுத்தாள். இரண்டு பேர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார்கள். பொட்டு நடுவில் விழாமல் கொஞ்சம் இடப்பக்கமாக விழுந்தது. சரியா என்று மெர்லிண்டா கட்டை விரலை உயர்த்திக் கேட்டாள். தனசேகரனும் கட்டை விரலை உயர்த்தினார்.

புஷ்பலதா இறந்தது நேற்று, புதன்கிழமை காலையில். செவ்வாயன்று மெர்லிண்டாவின் கடன் குழுக் கூட்டத்தில் தலை வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை. படகில் போட்டு இலோயிலோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்களாம். மறுபடி படகில் ஏற்றி அந்தத் தீவுக்கே கொண்டுவந்து பெட்டியில் வைத்தவர்களும் அந்தக் குழுப் பெண்களேதான். செய்தி வந்தபோது தனசேகரன் இங்கே ரங்கூனில், அலோன் பேட்டையின் ஆற்றங்கரைக் கிடங்கில் பருப்பு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது வருட வேலையில் அன்றைக்குத்தான் பாதியில் எண்ணிக்கை விட்டுப்போனது.

ரங்கூனிலும் பதினைந்து வருடம் அவளுக்கு அதே கடன் குழு வேலைதான். தாகேதா, ஷ்வேப்யிதா என்று ஏழைப் பேட்டைகளில் பெண்களை ஐந்து ஐந்து பேராக உட்கார வைத்துக் கடன் கொடுப்பது, வாரா வாரம் வசூலிப்பது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் கட்ட வேண்டும். ஒருமுறை தையல் தொழிற்சாலை மூடிப் போய் அழுதுகொண்டு நின்ற ஒருத்திக்காக அந்த நாலு பேரிடமும் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அவள் தொண்டு வேலை என்று பிலிப்பைன்ஸ் கிளம்பினாள். மீனவப் பெண்களின் குழுக்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடும் இடமும் மட்டும்.

"இங்க இல்லாத ஏழைங்களா அங்க இருக்காங்க?" என்று அவர் கேட்டார்.

"இங்க நான் வசூல்காரிண்ணே. என்னைப் பாத்தாலே கதவச் சாத்துறாங்க. அங்க போயி புதுசா இருந்து பாக்குறேன்."

அவருக்குக் கோபம். கல்யாணம் ஆகாத தங்கையும் மனைவியை இழந்த அண்ணனுமாக அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தவர்கள். தன்னைத் தனியாக விட்டுப் போகிறாளே என்பதுதான் கோபத்துக்குக் காரணம், அதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனதையும் எண்ணெய் விலையையும் சொல்லி முடித்துவிடுவார். அங்கே என்ன செய்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வை என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். நான் எங்கே போகப்போகிறேன் என்று இருந்துவிட்டார். இப்போது புதுப்பிக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

காலையிலிருந்து அக்கம்பக்கத்தார் வந்தார்கள். படியேறி வந்தவர்களுக்கு உள்ளே நுழைந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிணம் இல்லாத சாவு வீட்டில் எதன் முன்னால் நின்று அழுவது? ஜன்னலோரம் இருந்த போனை எட்டிப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், பாயில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு முறைப்படி சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போனார்கள். பத்து மணிக்குக் கரண்டும் போனது. அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

கடைசியாகக் கோயில் கமிட்டி சபாபதி மாமா வந்தார். அவருக்கு ஏற்கெனவே ஒரு சங்கடம். தெருவில் பிணம் கிடக்கும்போது கோயிலில் பூசை நடக்கக் கூடாது, ஆனால் இது கடலுக்கு அப்பால் கிடக்கிற பிணம். கமிட்டியில் அரை மணி நேரம் பேசி, நடுவில் கடல் இருப்பதால் தோஷமில்லை என்று முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். பாயில் உட்கார்ந்ததும் எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டார். சனிக்கிழமை என்று சொல்கிறார்கள் என்றார் தனசேகரன். மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு பொழுது சாஞ்சாச்சு தம்பி. இதுக்கு மேல வச்சிருக்கப்படாது. நாதியத்த பொணமா அது? இன்னைக்கே எரிக்கச் சொல்லிரு."

நாதியற்ற பிணம். நேற்றிலிருந்து தனசேகரன் நெஞ்சில் கிடந்து அறுப்பதும் அந்த வார்த்தைதான். யாருமில்லாத ஊரில், அந்நியர்கள் கையில், அனாதையாகப் போகிறாள். அந்த அவமானத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டால் தேவலை என்று இருந்தது. மெர்லிண்டாவைக் கூப்பிட்டார். துறைமுகத்தில் கற்ற இங்கிலீஷை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். இன்றைக்கே எரித்துவிடுங்கள். எங்கள் வழக்கம் அதுதான். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நான் வரவில்லை.

நீங்கள்தான் குடும்பம், நீங்கள் சொன்னால் சரி என்றாள் மெர்லிண்டா. எரிப்பதற்கு நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், மூன்று மணிக்குப் படகு ஏற்பாடு செய்கிறோம் என்றாள். மற்றவர்களிடம் சொல்வதற்காக அவள் போனோடு திரும்பியபோது பெட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த மேஜை தெரிந்தது. நாலு பெண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சில்லறைக் காசு. ஒருத்தி ஜெயித்துவிட்டுச் சிரித்தாள்.

சபாபதி மாமாவும் அதைப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் தனசேகரனைச் சுட்டது. பிணத்துக்குப் பக்கத்தில் சூதாட்டமா என்று தமிழிலேயே கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மாமா போன பிறகு கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஃபக்ருன்னிசா மூன்று மாடி ஏறி வந்தாள். ஒரு கையில் கஞ்சித் தூக்கு, இன்னொரு கையில் போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவளுக்குத் தெரியும். புஷ்பலதா ஊரிலிருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கடை வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். நடந்ததையெல்லாம் தனசேகரன் சொன்னார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், நம் கணக்குக்கு ஒன்றரை மணி என்றார். ஃபக்ருன்னிசா கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"எங்கள்லயும் சட்டுனு அடக்கிறணும்பாங்கண்ணே. எங்க வாப்பா மௌத்தானப்ப எங்க அண்ணன் மாண்டலேல இருந்து வந்து சேரல. அவனுக்காக நிறுத்தி வைக்கல. சரிதான், முறை அது." தூக்கை மூடினாள். "பன்னெண்டு வருசமாச்சு. இன்னமும் அவன் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கான்."

அவள் இறங்கிப் போனாள். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. தனசேகரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டே கால். இத்தனை தனியாக அவர் என்றைக்குமே இருந்ததில்லை, மனைவி போன அன்றுகூட. அன்றைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புஷ்பலதா இருந்தாள்.

போன் அடித்தது. மெர்லிண்டா. படகு தயார் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். சீட்டாட்டத்துக்கு மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டிருந்தாள். கேட்டுவிட்டு விளக்கினாள். அவள் இங்கிலீஷும் கரடுமுரடுதான், அதனால் இவருக்குப் புரிந்தது. இறந்தவரை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது, ராத்திரியும் பகலும் யாராவது விழித்திருக்க வேண்டும். தூக்கம் வராமல் இருக்கத்தான் சீட்டு. ஜெயிக்கிறவள் ஒரு பங்கை டப்பாவில் போடுவாள், டப்பா இறந்தவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். லதாவின் வீடு எது என்று எல்லோரும் கேட்டார்கள், நான் உங்களைச் சொன்னேன் என்றாள்.

தனசேகரன், அந்தப் பெண்கள் யார் என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

போன வருடப் புயலில் படகைப் பறிகொடுத்தவர்கள் என்றாள் மெர்லிண்டா. புயல் அடித்த மறுவாரமே வசூலுக்குப் போகச் சொல்லி லதாவுக்கு உத்தரவு. நோட்டோடு வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேசினாள், கூரைக்குத் தகரம் பிடித்துக் கொடுத்தாள். போகும்போது நோட்டில், வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போனாள். மூன்று வாரம். நாற்பத்தொரு வீடு. இதைச் சொல்லும்போது மெர்லிண்டா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போன புஷ்பலதாவைத்தான் தனசேகரனுக்குத் தெரியும். பொய் எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்ட புஷ்பலதாவை அவருக்குத் தெரியாது. அவளைப் பார்க்க வேண்டும் என்று தாங்க முடியாத ஏக்கம் வந்தது.

எதற்குச் சனிக்கிழமை என்று கேட்டார்.

வேறு இரண்டு தீவுகளின் குழுக்காரிகள் இன்னும் வந்து சேரவில்லை. கடல் கொந்தளிப்பு, நாளை வரை சின்னப் படகுகள் கிளம்பக் கூடாதாம். அப்புறம் அவள் சொன்னது இங்கிலீஷில்தான், ஆனால் தனசேகரன் மனதுக்குள் அது தமிழாகவே விழுந்தது.

"கடைசிப் படகு வராம லதா கூட்டத்த ஆரம்பிக்கவே மாட்டா, பிரதர். அஞ்சு பேரும் வந்தாத்தான் நோட்டத் தொறப்பா. மழையோ வெயிலோ உக்காந்திருப்பா. நாங்க திட்டுவோம். ஒருத்திய விட்டுட்டு ஆரம்பிச்சா அது குழுவே இல்லம்பா." அவள் குரல் தணிந்தது. "இன்னைக்கு அவளுக்கு மட்டும் நாங்க ஆரம்பிச்சிரணும். நீங்களும் வரலன்னு சொல்லிட்டீங்க."

"வர முடியல" என்றார் தனசேகரன். பாஸ்போர்ட் செத்துப் போனதைச் சொன்னார். எப்படியாவது வந்து நெருப்பு வைக்க வேண்டியவன் நான், என்னால் முடியவில்லை, வெட்கத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டேன் என்றார். இங்கிலீஷ் பாதியில் தீர்ந்துபோய்த் தமிழில் சொன்னார், அதுவும் தீர்ந்துபோய் அழுதார். மெர்லிண்டா போனை வைக்கவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை இருந்தாள்.

அவர் சொன்னார்: "வெயிட். சாட்டர்டே. ஆல் போட்ஸ்."

சபாபதி மாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. அப்புறம், பதினாறாம் நாளை எதிலிருந்து கணக்கு வைப்பது, ஊரில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அடுக்கினார். என் தங்கைக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் மாமா, வந்து சேரட்டும் என்றார் தனசேகரன். கமிட்டி இதற்குப் பொறுப்பில்லை என்று சொல்லி மாமா வைத்துவிட்டார். சனிக்கிழமை வரை இந்தத் தெருவிலிருந்து யாரும் படியேற மாட்டார்கள் என்பது தனசேகரனுக்குத் தெரியும். ஆறிப்போன கஞ்சியில் பாதியைக் குடித்தார்.

மூன்று மணிக்கு மேல் கரண்ட் வந்தது. மெர்லிண்டா மறுபடி கூப்பிட்டாள். எனக்கு வேலை இருக்கிறது, நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொல்லி, பெட்டிக்கு எதிரே இரண்டாவது வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போனை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். இப்போது அவருக்குப் பெட்டி நேராகத் தெரிந்தது. அக்கம்பக்கத்து நாற்காலிகளில் இருப்பவர்களின் முழங்கை தெரிந்தது. யாரோ ஜெபம் சொன்னார்கள். சீட்டு கலைக்கும் சத்தம் கேட்டது. அவர் பாயில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

புதிதாக நாலைந்து பேர் வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். பருத்த பெண்மணி ஒருத்தி பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து, உட்காருவதற்காகப் போனைக் கையில் எடுத்தாள். திரையில் கூரைத் தகரமும் மின்விசிறியும் சுழன்றன. பின்னாலிருந்து யாரோ என்னவோ சொன்னார்கள். அவள் சட்டென்று குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள், தலையை அசைத்தாள், போனை இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் தட்டு வந்தது. தட்டைத் தூக்கி வந்தவள் வரிசையில் ஒவ்வொருவருக்கும் காகிதக் கோப்பையில் காபி கொடுத்துக்கொண்டே வந்தாள். போன் இருந்த நாற்காலியைத் தாண்டிப் போகவில்லை. அவர் முன்னாலும் ஒரு கோப்பையை வைத்துவிட்டு நகர்ந்தாள். ஆவி எழும்பி அந்தப் பக்கத்துக் கேமராவில் படிந்தது. பெட்டியும் கண்ணாடியும் இடப்பக்கம் தள்ளி விழுந்த பொட்டும் வெள்ளையாக மங்கிப்போயின. தனசேகரன் தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்துத் தன் போனின் திரையைத் துடைத்தார். பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.