இரண்டு தட்டு

பேருந்து நிலையத்துக் கழிப்பறை வாசலில் அவள் பைத் திருடனைக் குப்புறத் தள்ளி, அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தாள். குறை சொல்ல முடியாத பிடி. முட்டி அவன் இடுப்பில், கட்டைவிரல் அவன் மணிக்கட்டில். வலி தாங்காமல் அவன் இன்னொரு கையால் தரையில் இரண்டு முறை தட்டினான். அவள் விட்டுவிட்டாள்.

கை தானாக விட்டது. திருடனே நம்பாமல் ஒரு நொடி அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு எடுத்தான் ஓட்டம். பையைப் பறிகொடுத்த அம்மாள், "ஏம்மா, புடிச்ச கோழியப் பறக்க விட்டுட்டியே!" என்று தலையில் கை வைத்தாள்.

போலீஸ் பயிற்சிப் பள்ளியில் துப்பாக்கி சுடக் கற்றுத்தர வேண்டிய மாதத்தில் தோட்டா வரவில்லை. ஜீப் ஓட்டக் கற்றுத்தர வேண்டிய மாதத்தில் ஜீப் பழுது. சட்டம் நடத்தியவர் பாதிப் பாடத்தில் மாற்றலாகிப் போனார். பஞ்சமில்லாமல் கிடைத்தது கிழிந்த மெத்தை விரிப்பு ஒன்றுதான். ஆகவே காலையும் மாலையும் அதில் ஒருத்தியை ஒருத்தி மடக்கிப் போட்டு உருண்டார்கள். அங்கே ஒரே விதி: கீழே கிடப்பவள் இரண்டு தட்டு தட்டினால், சத்தம் அடங்குவதற்குள் மேலே இருப்பவள் பிடி விலகியிருக்க வேண்டும். தரையில் தட்டினாலும் சரி, தோளில் தட்டினாலும் சரி. தாமதித்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அப்புறம் நகரத்தில் ஆள் போதவில்லை என்று பயிற்சியைப் பாதியில் முடித்து, எல்லோரையும் காவல் நிலையங்களில் அள்ளிக் கொட்டினார்கள்.

நடந்ததை அவள் ஏட்டிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் குடித்த டீ மூக்கில் ஏறிவிட்டது.

"தட்டினா விட்டுருவியா? அப்ப லாக்கப் கதவத் தட்டினா அதையும் தொறந்துருவியா?"

அன்றிலிருந்து நிலையத்தில் அவள் பெயர் 'ரெண்டு தட்டு'. ஏட்டு கெட்ட மனிதரில்லை. புது பூட்ஸ் கடித்து அவள் நொண்டியபோது தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தவர். "இங்க பாரு பாப்பா, நானும் அதே ஸ்கூல்தான். நீங்க உருண்ட மெத்தையக் கிழிச்சதே எங்க செட்டுதான். ஆனா அங்க படிச்சதையெல்லாம் அந்த கேட்டுலயே கழட்டி வெச்சிட்டு வந்தேன். நீயும் வெச்சிடு. இல்லன்னா தேற மாட்ட."

தேறுவதும் தேறாததும் அவர் வாயில்தான் இருந்தது. அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கேட்டுத்தான் மேலே எழுதுவார். 'ஆகாது' என்று ஏட்டு ஒரு வார்த்தை சொன்னால் சீருடையை மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கணவன் வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டது. வீட்டில் சமையலும் மகளுக்குப் பின்னலும் இப்போது அவன் பொறுப்பு. பின்னல் எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். "நிரந்தரமாகற வரைக்கும் கையையும் வாயையும் கட்டிக்கிட்டு இரு," என்றான். "அப்புறம் யார வேணா புடி, யார வேணா விடு."

மறுவாரம் ஒரு மதிய வேளையில், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் ஆள் ஒருவர் வந்தார். பைக் திருடு போய்விட்டது. புகாரை வாங்காமல் அவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு வாங்க," என்றார் ஏட்டு.

"நேத்தும் இதையேதான சார் சொன்னீங்க? வண்டி இல்லாம நான் எப்படிப் பொழைக்கிறது?" அவர் மேசையில் ஓங்கி அடித்தார். டீ கிளாஸ் கவிழ்ந்து ஏட்டின் மடியில் கொட்டியது.

கண் மூடித் திறப்பதற்குள் அந்த ஆள் தரையில் கிடந்தார். ஏட்டின் முட்டி அவர் முதுகில், முழங்கை கழுத்தில். "யார்கிட்டடா கைய ஓங்குற?"

அவள் வாசல் பக்கம் நின்றிருந்தாள். "ஏட்டய்யா, போதும்."

"நீ கதவப் பாத்துக்கிட்டு நில்லு."

அப்போதுதான் அது கேட்டது. உள்ளங்கை தரையோட்டில். ஒன்று, இரண்டு. கொஞ்சம் விட்டு மறுபடி, இன்னும் மெல்ல. இந்த ஆளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. யோசித்தால், அந்தத் திருடனுக்கும் யாரும் கற்றுத்தந்திருக்கவில்லை. மூச்சு முட்டுகிறவன் வேறென்ன செய்வான்? அந்த ஆளின் காது கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டய்யா!"

அவர் திரும்பவில்லை. மகளின் சாய்ந்த பின்னல் ஏனோ அவள் நினைவுக்கு வந்தது. அவள் நாலு எட்டில் போய்க் குனிந்து, ஏட்டின் தோளில் தட்டினாள். பள்ளியில் தட்டுவதுபோலவே, பட் பட்டென்று இரண்டு.

ஏட்டின் கை கழுத்தைவிட்டு விலகியது. முட்டி எழுந்தது. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி அவர் பின்னால் நகர்ந்து குந்தினார், வாத்தியார் பார்க்கிற மாணவன் மாதிரி. பிறகுதான் அவருக்கே தெரிந்தது. தன் கைகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கீழே கிடந்தவர் புரண்டு படுத்து, இருமி இருமி மூச்சை இழுத்தார்.

உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டரின் குரல் வந்தது. "ஏட்டு, அந்தப் பொண்ணு விஷயமா கேட்டிருந்தேனே. வாங்க, இன்னைக்கு எழுதி அனுப்பிடலாம்."

ஏட்டு மேசையைப் பிடித்து எழுந்து, டீ நனைந்த கால்சட்டையோடு உள்ளே நடந்தார். கதவு சாத்திக்கொண்டது.

அவள் அந்த ஆளைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தரையோட்டில் அவர் தட்டிய இடத்தில் வியர்வையில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் முதலில் விரல்கள் காய்ந்தன. நடு உள்ளங்கை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.