பாக்கிற பிளேன்

ஊசியின் படத்தைப் பார்த்துத்தான் ஜோசப்பின் அந்த வேலைக்குப் போனாள். வோபர்ன் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு அடி நீள ஊசியொன்றின் படம். கையால் தைக்கத் தெரிந்தவர்கள் தேவை, சம்பளம் இல்லை, தேத்தண்ணி உண்டு என்று கீழே எழுதியிருந்தது. ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, இருபத்திரண்டு வருஷம் சோபா பக்டறியில் தைத்துவிட்டு, கலியாணமும் கட்டாமல், அறுபத்திரண்டு வயதில் வீட்டுச் சுவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு அது போதாதா?

"சம்பளமில்லாத வேலைக்கு மூண்டு பஸ் மாறிப் போறியே, உனக்கென்ன விசரே?" என்று தமையன் பஸ்ரியன் ரெலிபோனில் கத்தினார். நகரத்தின் மற்ற மூலையில், பார்க்டேலில் இருந்துகொண்டு தங்கச்சியின் ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் அந்த மனுசனுக்குச் சாப்பாடு இறங்காது.

வேலை நடந்தது கீல் வீதியோரம் ஒரு பழைய வேர்ஹவுஸில். பென்சன் எடுத்த கிழவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, இரண்டாம் உலக யுத்த காலத்துப் பிளேன் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். லைசாண்டர் என்று பெயர். இங்கேதான், பக்கத்தில் மோல்ற்றனில் செய்தது. இறக்கையின் முன்பக்கம் தகரம், பின்பக்கம் முழுக்கத் துணி. இறக்கையைச் சுவர்போல நிமிர்த்தி வைத்து, துணியை உள்ளே இருக்கிற சட்டங்களோடு சேர்த்துத் தைக்கவேண்டும். இந்தப் பக்கம் நிற்பவர் ஊசியைக் குத்தித் தள்ள, அந்தப் பக்கம் நிற்பவர் வாங்கி, நூலை இறுக்கித் திரும்பக் குத்தி அனுப்புவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

ஜோசப்பினுக்கு இது புதுசில்லை. ஊரில் அவளும் தங்கச்சி மெற்றில்டாவும் பஞ்சு மெத்தைகளை இப்படித்தான் நிமிர்த்தி வைத்துத் தைத்தார்கள். மெற்றில்டாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. நூலை இறுக்கிய பிறகு இரண்டு தரம் சுண்டுவாள். இறுக்கிட்டன், இனி நீ குத்து என்று அதற்கு அர்த்தம். வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்? சொல்லமாட்டாள், சுண்டுவாள்.

வேர்ஹவுஸில் அந்தப் பக்கம் நின்றது மாக்கஸ் என்ற வெள்ளைக்காரக் கிழவர். நல்ல மனுசன், ஆனால் வாய் ஓயாது. மூன்றாம் கிழமை ஒரு நாள், இந்தப் பிளேன் எதற்குச் செய்தது என்று தன்பாட்டில் சொல்லத் தொடங்கினார். சின்ன வயலில் இறங்கும், சின்ன வயலிலிருந்தே எழும்பும். நிற்கிறதோ பறக்கிறதோ என்று தெரியாத அளவுக்கு மெதுவாகப் போகும். பின் சீற்றில் ஒருவர் இருந்து கீழே பார்த்துக்கொண்டே வருவார். எங்கே அடிக்கவேண்டும் என்று பீரங்கிக்காரருக்கு அவர்தான் சொல்லுவார். பிரான்சில் இந்தப் பிளேன்களைக் கனக்கச் சுட்டு விழுத்திவிட்டார்களாம். அதற்குப் பிறகுதான் ஒற்றர்களை இரவில் கொண்டுபோய் இறக்கிற வேலைக்கு விட்டார்களாம்.

பிறகு அவர் சொன்ன ஒன்றும் ஜோசப்பினின் காதில் ஏறவில்லை. ஊசி பாதித் துணியில் நின்றது. ஐயோ மாதாவே, இவ்வளவு நாளும் நான் தைச்சது பாக்கிற பிளேனுக்கோ!

ஊரில் சண்டை நடந்த காலத்தில், சத்தத்தை வைத்தே எங்கட சனம் பிளேனைப் பிரித்துச் சொல்லும். தொண்ணூறாம் ஆண்டு குழந்தைப் பிள்ளைகளுக்கும் அது அத்துப்படி. பொம்மர் வந்தால் பங்கருக்குள் ஓடவேண்டும். ஹெலி வந்தால் சுவரோடு ஒட்டவேண்டும். சின்னப் பிளேன் ஒன்று சோம்பலாக வட்டமடித்தால், "உது பாக்கிற பிளேன், குண்டு போடாது" என்று சொல்லிவிட்டுச் சனம் தன் வேலையைப் பார்க்கும். அது போய் அரை மணித்தியாலம் கழித்துத்தான் பொம்மர் வரும். அதற்குள் உலையை இறக்கலாம், கோழியைப் பிடித்துக் கூட்டில் விடலாம். கொடியில் வெள்ளைத்துணி கிடக்கக்கூடாது, அவ்வளவுதான். மேலே இருந்து முதலில் தெரிவது அதுதான் என்று ஆரோ சொல்லி, எல்லாரும் அதை வேதவாக்காக வைத்திருந்தார்கள்.

அன்றைக்குக் கொடியில் நாலு வெள்ளைப் பெட்சீட்டுகள் காய்ந்தன. ஏன் வம்பு என்று முன்கூட்டியே பங்கருக்குள் இறங்கியிருந்த ஜோசப்பின்தான் சொன்னாள்: "மெற்றில்டா, பாக்கிற பிளேன்தானே, ஓடிப்போய்ச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வா." தானே போயிருக்கலாம். சோம்பல், போகப் பஞ்சியாக இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பிளேன் பொம்மருக்காகப் பார்க்க வரவில்லை, ஆமிக் காம்பில் இருந்த பீரங்கிக்கு இடம் சொல்ல வந்திருந்தது. மெற்றில்டா இரண்டாவது சீட்டை இழுக்கும்போது செல் விழுந்தது. அடுத்த வீட்டு வளவில் நின்ற பஸ்ரியன் ஓடிவந்து அவளைத் தூக்கி, சைக்கிள் பாரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாலு வயது.

"நான் வேண்டாம் எண்டு கத்தக் கத்த ஓடினவள்" என்று செத்தவீட்டில் ஜோசப்பின் சொன்னாள். அம்மாவுக்குச் சொன்னாள், பங்குச் சுவாமிக்குச் சொன்னாள், பஸ்ரியனுக்கும் சொன்னாள். முப்பத்தைந்து வருஷமாக அந்தப் பொய்யோடுதான் சாப்பிட்டாள், அதோடுதான் படுத்தாள்.

இந்தப் பொய்க்குள் ஒரு கேள்வியும் கிடந்து அரித்தது. மேலே இருந்தவனுக்கு என்ன தெரிந்தது? வெள்ளைத்துணி மட்டும் ஆடுவதாகத் தெரிந்திருந்தால், துணி எடுக்க ஒருத்தியை அனுப்பி அதை ஆடவைத்தவள் ஜோசப்பின். பழி அவளுடையது. பின்னல் போட்ட ஒரு பெட்டைப்பிள்ளை என்று தெரிந்திருந்தால் பழி அவனுடையது. இதை ஆரிடம் கேட்பது? எந்தச் சுவாமிக்குத் தெரியும் இது?

வேலையை விட்டுவிட்டு ஓடத்தான் அவள் நினைத்தாள். ஆனால் அடுத்த கிழமையும் போனாள். மாசியில் ஒரு பின்னேரம், மாக்கஸ் அந்தப் பக்கம் நிற்கிறார் என்ற நினைப்பில் தைத்துக்கொண்டிருந்தாள். கிழவர் வழமைக்கு மாறாக வாயை மூடிக்கொண்டு நின்றது பெரிய நிம்மதியாக இருந்தது. ஊசி போனது, வந்தது. ஒரு சட்டம் முழுக்க, முப்பத்தொரு தையல். கடைசி முடிச்சை வெட்டும்போதுதான் வேர்ஹவுஸ் வாசல் கதவு திறந்தது. தொப்பியில் பனியும் இரண்டு கையிலும் கோப்பியுமாக மாக்கஸ் உள்ளே வந்தார். கடையில் லைன் நீளம், குறை நினைக்காதே என்றார்.

ஜோசப்பின் இறக்கையைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். ஒருவரும் இல்லை. தையல் மட்டும் இருந்தது, ஒன்றுக்கொன்று பிசகாமல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு தரமும் ஊசி திரும்பி வருவதற்கு முன்னால் நூல் இரண்டு தரம் சுண்டியது. அவளும் பழைய பழக்கத்தில் அதற்குக் காத்திருந்துதான் குத்தினாள். மாக்கஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலைத் தடவிப் பார்த்தார். இந்த இறக்கையிலேயே இதுதான் நல்ல தையல் என்று தோளில் தட்டினார். அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

வைகாசியில் துணிக்கு டோப் என்கிற பூச்சு அடித்தார்கள். நகப்பூச்சு மாதிரி மணக்கும், காயக் காயத் துணியை இழுத்து இறுக்கும். ஆனியில், நகரத்துக்கு வடக்கே ஒரு புல்வெளி ஓடுபாதையில் லைசாண்டர் எழும்பியது. வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு தரம் பின் சீற்றில் இடம் என்றார்கள். ஆருக்கும் முந்தி ஜோசப்பின் கையை உயர்த்தினாள்.

அன்று இரவே பஸ்ரியனுக்கு அழைத்தாள். "அண்ணை, சனிக்கிழமை ஒரு வெள்ளை பெட்சீட்டோடை வந்து அந்த வயலுக்கை நில்லுங்கோ. நான் மேலை இருந்து பாக்கவேணும்."

"உனக்கு மூளை தட்டித்தான் போச்சுது. அறுபத்தாறு வயசிலை சீட்டும் கையுமா நான் வயலுக்கை நிண்டு ஆடவோ?"

"ஆடவேண்டாம். கொடியிலை இருந்து எடுக்கிற மாதிரி நில்லுங்கோ."

"சரி வாறன்" என்றார். ஒரு நொட்டையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, விமானி றோய் எவ்வளவு உயரத்தில் போகவேண்டும் என்று கேட்டான். "பத்துத் தென்னை உயரம்" என்றாள் ஜோசப்பின். அவன் சிரித்துவிட்டு, தென்னை எவ்வளவு உயரம் என்று கேட்டுக் கணக்குப் பார்த்து, எழுநூறு அடி என்றான். சிரிக்கட்டும், அவனுக்கென்ன தெரியும்.

பின் சீற்றில் பெல்ற்றை இறுக்கிக்கொண்டு செபமாலையைக் கையில் சுற்றினாள். நாலைந்து வளவு நீளம்கூட ஓடவில்லை, பிளேன் எழும்பிவிட்டது. வயலுக்கு மேலே றோய் வேகத்தைக் குறைத்ததும், இறக்கையின் முன்விளிம்பில் இருந்த தகடுகள் தாமாகவே வெளியே வந்தன. எஞ்சின் சத்தம் மாறியது. அதே சத்தம்! பங்கருக்குள் இருந்து கேட்ட அந்தச் சோம்பல் சத்தத்துக்குள்ளேயே இப்போது அவள் இருந்தாள்.

"கீழே என்ன தெரிகிறது?" என்று காதுக்கருவியில் றோய் கேட்டான். பழைய நாளில் முன்னால் இருப்பவன் பின்னால் இருப்பவனை அப்படித்தான் கேட்பானாம், அதையே பகிடியாகக் கேட்டான்.

ஜோசப்பின் எட்டிப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தது. பஸ்ரியனின் வழுக்கை தெரிந்தது. ஒரு கையை இடுப்பில் வைத்து ஏச்சுக்கு ஆயத்தமாக நிற்கிற நிலை தெரிந்தது. ஒரு காலில் சப்பாத்து நாடா அவிழ்ந்து கிடந்தது மட்டும்தான் தெரியவில்லை.

"ஒரு கிழவர்" என்றாள் இங்கிலிசில். "கையில் பெட்சீட். வேறொன்றும் இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னதே அவள் காதில் விழுந்தது. இவ்வளவுதானே! ஒரு சின்னப்பிள்ளை, துணி எடுக்கிறாள், வேறொன்றும் இல்லை. அந்தச் சீற்றில் இருந்தவன் இந்த ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அவனுக்குத் தெரிந்தது, தெரிந்துகொண்டே சொல்லவில்லை. இதைக் கண்டுபிடித்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாளே, எங்கே இறங்கியது? அவன் பழி அவனோடு போகட்டும். அனுப்பிய வாய் இவளுடையதுதானே.

மூன்றாம் வட்டம். பிளேனின் நிழல் பஸ்ரியனுக்கு மேலால் போனது. அந்த மனுசன் சீட்டை எறிந்துவிட்டு, தலையைக் கையால் பொத்திக்கொண்டு, புல்லில் குப்புற விழுந்து கிடந்தார்.

"போதும், இறக்கு! இறக்கு!" என்று ஜோசப்பின் தமிழிலேயே கத்தினாள். றோய்க்கு விளங்கியது.

இறங்கியதும் அவள் ஓடினாள். முழங்கால் நோவெல்லாம் எங்கே போனதோ தெரியாது. பஸ்ரியன் எழும்பி நின்று, காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அவள் தானா ஓடேல்லை. நான்தான் அனுப்பினனான். பாக்கிற பிளேன்தானே, போடாது எண்டு சொல்லி நான்தான் அனுப்பினனான்."

பஸ்ரியன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"சைக்கிளிலை போகேக்கை சொன்னவள். 'அக்கா அனுப்பினவ எண்டு அம்மாட்டைச் சொல்லாதேங்கோ அண்ணை, அம்மா அக்காவை ஏசுவா' எண்டவள். அதுதான் அவளின்ரை கடைசிக் கதை."

"முப்பத்தஞ்சு வருசம்... ஒருக்காலும் நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே!"

"சொல்லவேண்டாம் எண்டவளெல்லோ."

ஜோசப்பின் அந்தப் புல்லில் இருந்து, வாய்விட்டு அழுதாள். செத்தவீட்டில் அழாத அழுகை அது. அன்றைக்குப் பொய்யைக் காப்பாற்றுகிற அவதியில் அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. பஸ்ரியன் பக்கத்தில் நின்றார். தடவிக்கொடுக்க அந்த மனுசனுக்குத் தெரியாது. "எழும்பு, சனம் பாக்குது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு இருவருமாகச் சீட்டை எடுத்து உதறினார்கள். அவள் இரண்டு முனையைப் பிடித்தாள், அவர் மற்ற இரண்டையும் பிடித்தார். காற்று ஒரு சொட்டும் இல்லை. மடிப்பதற்காகச் சீட்டை நீட்டிப் பிடித்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தரம் சுண்டியது. ஜோசப்பின் நிமிர்ந்து பார்த்தாள்.

பஸ்ரியன் தன் முனைகளை விட்டுவிட்டு, திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டு கீழே விழவில்லை. நேராக நின்று, இரண்டாம் தரமும் சுண்டியது.