மேற்பாதி மறைந்த கரும்பலகை

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழையின் ஈரத்தை மதில்களினின்றும் கதிரவன் மெல்லத் துடைத்துக்கொண்டிருந்த முற்பகல் வேளையில், சாலையோர மரங்கள் கழுவிவைத்த ஏனங்கள் போல் மின்ன, நெடிய சாளரங்களையுடைய அவ்விரிவுரைக் கூடத்தில் அறிஞர் பலர் குழுமியிருந்தனர். படிப்போரே, வடிவியலையே வாழ்வாகக் கொண்ட முதியவர் ஒருவர் ஓய்வுபெறும் நாள் அது. வளைந்த பரப்பின் மேல் வரையும் முக்கோணங்களைப் பற்றி அவர் நிறுவிய தேற்றமே அவருக்குப் பேரும் புகழும் ஈட்டித் தந்தது. அதன்பொருட்டு உண்ண மறந்தும், உறக்கம் துறந்தும், விருந்தினர் எதிரிலேயே மேசைமேல் விரலாற் கோடிழுத்தும் அவர் கழித்த ஆண்டுகளையெல்லாம் பொறுத்திருந்த மனைவி முன்வரிசையில் அமர்ந்திருந்தாள்.

"இன்னையோட சாக்பீஸைக் கீழ வெச்சிடறேன். நாளையிலேர்ந்து நான் உனக்குத்தான்" என்று காலையில் அவர் சொல் கொடுத்திருந்தார். அவளும் நம்பியும் நம்பாமலும் சிரித்திருந்தாள்.

உரையாற்ற எழுந்தவர் தேற்றத்தின் முதற்படியை வரையச் சென்றார். மாணவர் அன்பு மிகுதியாற் கட்டிய வாழ்த்துத் துணியோ கரும்பலகையின் மேற்பாதியை மறைத்துத் தொங்கியது. வாழ்நாளெல்லாம் உயர்ந்தோங்கிய முக்கோணமே வரைந்து பழகிய கை, இடம் போதாமையால், குட்டையும் அகலமுமானதொன்றை அன்றுதான் வரைந்தது. முனைக்கொன்றாக அவர் இழுக்கும் மூன்று கோடுகளும் முக்கோணத்தின் உள்ளேதான் கூடும் என்பது அவர் மெய்ப்பிப்பின் அடிக்கல். 'படத்திலேயே தெளிவு' என்பதற்கு மேல் அதற்கு ஒரு வரியும் அவர் எழுதியதில்லை. படித்தோரும் அவர் வரைந்த படத்தையே பார்த்துத் தலையசைத்திருந்தனர். அந்தோ, இப்போது கோடுகள் வெளியே போய்க் கூடின!

கூடத்தில் ஒருவருக்கும் அது புலப்படவில்லை. துடைத்துவிட்டு ஒல்லியாக வேறொன்று வரைந்தாற் போதும், கைதட்டல் காத்திருந்தது. அவர் மனைவியை நோக்கினார். பின் அவையோர் பக்கம் திரும்பினார்.

"மன்னிக்கணும். இது தப்பு. இத்தனை வருஷமா நான் சொன்னது நிக்காது."

துறைத்தலைவர் பதறியெழுந்தார். "சார், இன்னைக்குப் போயா இதெல்லாம்? அப்புறம் பாத்துக்கலாமே!"

"அப்புறம்னா, பொய்க்குக் கைதட்டு வாங்கின மாதிரி ஆயிடும்."

கூட்டம் கலைந்தபின் அவள் அவரருகே வந்தாள். "அப்போ நாளைக்கும் இந்த முக்கோணத்தோடதான் குடித்தனமா?"

"ஆமாம்" என்று அவர் தலைகவிழ்ந்தார்.

"காலையிலேயே தெரியும் எனக்கு. நல்லா ஏமாந்தேன் போங்க!"

அவளுக்குச் சினமும் அழுகையும் ஒருங்கே வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டி அவ்வாழ்த்துத் துணியை அவிழ்த்து, நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்தாள். அக்குட்டை முக்கோணத்துக்கு மேலே கரும்பலகை உச்சிவரை வெறுமையாய் விரிந்தது. மெய்யை நாடுவோர் தாம் மட்டும் அதற்கு விலை கொடுப்பதில்லை. உடன் வாழ்வோரும், எவரும் கேளாமலே, தம் பங்கைக் கொடுத்துவிடுகின்றனர்.