செனட்டருக்குப் போட்ட பரண்

என் தங்கை மார்லிஸின் கணவன் ஆரின் ஸ்காக்ஸ்டட் பல வருடங்களாக நவம்பர் வேட்டையிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறவன். எங்கள் வட விஸ்கான்சினில் குடிகாரனைக்கூட மன்னிப்பார்கள். மான் சுடாதவனை மன்னிக்க மாட்டார்கள்.

அந்த ஜூலையில் அவன் ஓடைக்கு அப்பால் மரத்தில் கட்டியிருந்த, தானாகவே படமெடுக்கும் கேமராவில் ஒரு கிடா மான் பதிவானது. கிளை கிளையாகக் கொம்பு, கிழிந்த இடது காது, யாரையும் மதிக்காத பார்வை. ஆரின் அதற்கு 'செனட்டர்' என்று பெயர் வைத்தான். படத்தை மதுக்கடையில் எல்லாருக்கும் காட்டினான். இடத்தை மட்டும் சொல்லவில்லை. யாரும் பின்தொடரக் கூடாதென்று காட்டுக்கு ஊரையே சுற்றிக்கொண்டு போனான். யாரும் பின்தொடரவில்லை.

வேட்டைக்கு நான்கு மாதம் இருந்தது. ஆரின் அதற்குள் மரத்தில் பரண் கட்டினான். கூடவே வாடை ஒழிப்பும் தொடங்கியது. சோப்பு கிடையாது, வெங்காயம் கிடையாது. துணிகளைத் தேவதாரு இலையோடு மூட்டை கட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டான். வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கக் கூடாது என்று மார்லிஸுக்கு உத்தரவு போட்டான்.

"மனுஷ வாடை பட்டா செனட்டர் அந்தப் பக்கமே வர மாட்டான்" என்றான்.

"காட்டுல இருக்கிற மானுக்கு வாடை தெரியக் கூடாது, சரி. பக்கத்துல படுக்கிற எனக்குத் தெரியுதே, அதுக்கு என்ன பண்ணப்போற?" என்றாள் மார்லிஸ்.

அவளுக்கு வேறு கவலையும் இருந்தது. கொல்லையில் போட்ட பீன்ஸை ஏதோ ஒன்று தினமும் மொட்டையடித்துக்கொண்டிருந்தது. வேலி போடச் சொன்னாள். வேட்டை முடியட்டும் என்றான். ஒரு கேமராவாவது கொடு என்றாள்.

"முயலைப் படம் புடிக்கவா? போடி!"

அவள் என்னிடம் வந்தாள். என் பழைய கேமராவைப் பாத்தியோரக் கம்பில் கட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து இருவரும் படங்களைப் பார்த்தோம். விடிகாலை வெளிச்சத்தில் பீன்ஸ் பாத்தி நடுவே செனட்டர் நின்றிருந்தது. வாயில் கொடி. கிழிந்த காது தெளிவாகத் தெரிந்தது. படத்தின் ஓரத்தில், ஓடைப் பக்கம் கிளம்பிப் போகும் ஆரினின் வண்டி. அடுத்த நாள் படமும் அப்படித்தான். அது அவன் கிளம்புவதற்காகவே காத்திருந்திருக்கிறது.

மார்லிஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "எல்லாத்தையும் தின்னுட்டானே பாவி" என்றாள்.

ஆரினுக்குக் காட்டினோம். படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு அவன் கண்ணில் வந்த ஒளியைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

"மச்சான், பரணைக் கழட்டி இங்க ஆப்பிள் மரத்துல கட்டிடலாம். மார்லிஸ், நீ இனிமே பீன்ஸைப் பறிக்காத. துணி காயப்போட வராத. கதவைச் சத்தமா சாத்தாத."

"எதுவரைக்கும்?"

"நவம்பர் வரைக்கும்."

மார்லிஸ் அமைதியாகச் சொன்னாள்: "சரி, பண்றேன். நீ இப்பப் போய் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வா."

ஆரின் உண்மையிலேயே யோசித்தான். மனைவியைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "அது மட்டும் முடியாதும்மா" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, வேலி."

அன்றைக்கே மான் தாண்ட முடியாத உயரத்துக்குக் கம்பி வேலி போட்டேன். ஆரின் உதவிக்கு வரவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து, பிணம் புதைப்பதைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு கம்பமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செனட்டர் கோபித்துக்கொள்ளவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆர்டிஸ் புக்ஹோல்ஸின் பூசணித் தோட்டத்துக்கு மாறிக்கொண்டது. செப்டம்பரில் ஒரு நாள் காலை, தேவாலயத்துக்குக் கேக் எடுத்துக்கொண்டு வண்டியில் போன அதே ஆர்டிஸ் அதன் மேல் மோதிவிட்டாள். வண்டியின் முகப்பு நொறுங்கியது, மான் செத்தது. கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

தோலுரிக்க அவள் ஆரினைத்தான் கூப்பிட்டாள். கோடை முழுக்கத் தீட்டிய கத்திகள் ஊரில் அவனிடம்தானே இருந்தன? போனான். உரித்துக் கொடுத்தான்.

நவம்பரில் பழைய பரணிலேயே போய் உட்கார்ந்தான். வெறுங்கையோடு திரும்பி வந்து மதுக்கடையில் சொன்னான்: "செனட்டர் இல்லாத காட்டுல யாரைப் போய் சுடறது?"

பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் குரல் அது. இரண்டு பேர் அவன் தோளைத் தட்டினார்கள். நான் அந்த வருடம் சுமாரான ஒரு கிடாவைச் சுட்டிருந்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல மச்சான், உனக்கு இது போதும்" என்றான்.